பேரா, நாணயமா? வீடு கட்டித் தருபவரை எதை வைத்து எடைபோடுவது

மட்டப்பலகை (இழையைத் தொடங்கியவர்)

வீடு கட்ட ஆள் தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது பேரைத்தான். "அந்த மேஸ்திரியா? நல்ல பேராச்சே" என்று நாலு பேர் சொல்லிவிட்டால் அட்வான்ஸ் கைமாறிவிடும். ஆனால் கட்டடத்துக்கு எது உயிரோ அது முழுக்கக் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அஸ்திவாரம் மண்ணுக்குள், கம்பி காங்கிரீட்டுக்குள், காங்கிரீட் பூச்சுக்குள். நல்ல பேர் சொன்ன நாலு பேரும் பார்த்தது டைல்ஸையும் பெயிண்டையும்.

துறையில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். பேரைத் தாண்டி ஒருவரின் நாணயத்தைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? யாரும் பார்க்காத இடத்தில் அவர் என்ன செய்வார் என்பதை எங்கே போய்ப் பார்ப்பது? அளவு, எண், வேலைமுறை என்று சொல்லுங்கள். "நல்லவராகப் பார்த்துக் கொடுங்கள்" என்ற அறிவுரை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ரசமட்டம்

பேர் தப்பான நாளில் அளக்கப்படுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கிரகப்பிரவேசத்தன்று வீடு எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். மேஸ்திரிக்கு வேட்டி சட்டை, தாம்பூலம், சபையில் பாராட்டு. பேர் அன்றைக்கே எழுதப்பட்டுவிடுகிறது. வேலையின் குணம் வெளியே வர எத்தனை வருடம் ஆகும் என்று ஒரு கணக்கைப் பாருங்கள்.

கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் நடுவே உள்ள கனம்தான் கவர். ஐ.எஸ். 456 (காங்கிரீட் வேலைக்கான இந்திய விதித்தொகுப்பு) சொல்வது சாதாரணச் சூழலில் ரூஃப் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. காற்றில் உள்ள கரியமில வாயு காங்கிரீட்டுக்குள் மெல்ல ஊறி அதன் காரத்தன்மையைக் குறைக்கும். அந்தக் காரம் இருக்கும்வரைதான் கம்பிக்குப் பாதுகாப்பு. வாயு உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, அதாவது இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு காலம். 20 மி.மீ.க்குப் பதில் 10 மி.மீ. கவர் வைத்தால் கம்பியின் ஆயுள் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கால்வாசியாகிறது. 40 வருடம் கழித்து வரவேண்டிய துரு 10 வருடத்தில் வந்து நிற்கும். துருப்பிடித்த கம்பி பழைய கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், காங்கிரீட்டை உடைத்துத் தள்ளும். சீலிங்கில் கம்பி போன வழியிலேயே கோடு விழுந்து பூச்சு பெயர்வது இதனால்தான். கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் இன்னும் சீக்கிரம்.

அந்தப் பத்து வருடத்துக்குள் அதே மேஸ்திரி "நல்ல பேரோடு" இன்னும் ஐம்பது வீடு முடித்திருப்பார். பெயர்ந்து விழும் பூச்சுக்குப் பழி போவது மழைக்கும் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும்.

ஆக, முடிந்த வீட்டைக் காட்டினால் போதாது. நடந்துகொண்டிருக்கும் வேலையைக் கேளுங்கள், அதுவும் ரூஃப் கம்பி கட்டி முடித்துக் காங்கிரீட் போடாத நிலையில். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்ன வைத்திருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். காங்கிரீட்டின் பலத்துக்கு ஈடாக வார்த்து நனைத்த சிமெண்ட் வில்லையா, உடைந்த டைல்ஸ் துண்டா, கைக்குக் கிடைத்த ஜல்லியா? ஜல்லி என்றால் ஆள் நடக்கும்போது கம்பி அதிலிருந்து நழுவிப் பலகையில் போய்ப் படியும். கவர் சுழியம். ஒரு மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வில்லை இருந்தால் அங்கே யாரோ அக்கறையோடு வேலை பார்க்கிறார்கள்.

கரணை

ரசமட்டம் சார் பத்து வருடக் கணக்குச் சொன்னார். பத்தே நிமிடத்தில் ஒருவரின் நாணயம் தெரியும் இடம் ஒன்று இருக்கிறது. தூணுக்கு சென்ட்ரிங் (காங்கிரீட் இறுகும்வரை தாங்கும் ஷீட், பலகை அச்சு) பிரிக்கும் காலை.

தூண் பெட்டி 10 அடி உயரம். மேலிருந்து சட்டி சட்டியாகக் கொட்டினால் ஜல்லி முதலில் போய் அடியில் உட்காரும், கலவை பின்னால் வரும். 1.5 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டக்கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்வது இதற்காகத்தான். பெட்டியின் அடியில் ஸ்டார்ட்டரோடு (தூணுக்கு அடியில் முதலில் வார்க்கும் குட்டைப் பகுதி) சேரும் இடத்தில் இடுக்கு இருந்தால் சிமெண்ட் பால் அது வழியாக வடிந்து போகும். காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி அடிவரை இறங்கவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். மறுநாள் ஷீட்டைக் கழற்றினால் அடியிலிருந்து ஒரு ஜாண் உயரத்துக்கு வெறும் ஜல்லியாகத் தேன்கூடு மாதிரி நிற்கும். கெட்டிக்காரர்கள் வேலையிலும் எப்போதாவது இது வரும். வந்ததே குற்றம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

கெட்ட வழி இப்படி. இன்ஜினியர் 10 மணிக்குத்தான் வருவார் என்று தெரியும். 7 மணிக்குப் பிரித்து, பொடி மணலும் சிமெண்டும் சரிபாதியாகப் பிசைந்து, கரணையால் அப்பி, ஈர சாக்கால் ஒரு தேய். முடிந்தது. பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது என்று நினைப்பார்கள். தெரியும். ஷீட்டின் ஒட்டுக்கோடு, ஆணிப்புள்ளி, பிளைவுட் ரேகை எல்லாம் காங்கிரீட்டின் முகத்தில் அச்சாகப் பதிந்திருக்கும். அந்தக் கோட்டை மேலிருந்து கீழே கண்ணால் பின்தொடருங்கள். அடியில் ஓர் இடத்தில் கோடு சட்டென்று அறுந்து, நிறம் கொஞ்சம் கருத்து, வழவழப்பாக இருந்தால் அங்கே கை பட்டிருக்கிறது. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டுங்கள். நல்ல இடத்தில் "டிங்" என்று கை எகிறும். அப்பிய இடம் "டொக்" என்று உள்வாங்கும்.

நல்ல வழி: பிரித்த ஷீட்டை அப்படியே வைத்துவிட்டு மேஸ்திரி போன் போடுவார், "மூணாம் நம்பர் பில்லர் அடியில காங்கிரீட் சரியா இறங்கலை சார், வந்து பாத்துட்டுச் சொல்லுங்க, யாரையும் கை வைக்க விடலை" என்று. பிறகு உளியால் நல்ல காங்கிரீட் வரும்வரை கொத்துவது. கம்பி வெளியே தெரிந்தால் கம்பிக்குப் பின்னாலும் 25 மி.மீ. போல இடம் விட்டுக் கொத்துவது. ஓரங்களை நேர்வெட்டாக்கி, தூசி போகக் கழுவி, பழைய முகத்தை நன்றாக ஊறவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை ஒற்றி எடுத்து, பெட்டி கட்டிச் சுருங்காத கிரவுட் (இளகலான சிமெண்ட் கலவை) ஊற்றுவது. பொத்தல் தூணின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை போயிருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லாமல் எதுவும் செய்யக்கூடாது. மேல்தளம் வராத தூண் என்றால் உடைத்துப் புதிதாக வார்ப்பதே நல்லது.

இரண்டு வழிக்கும் செலவு வித்தியாசம் ஒரு நாள் கூலி, ஒரு மூட்டை கிரவுட். அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது வழியில் போகும் மேஸ்திரிக்கு அன்றைக்கு வீட்டுக்காரர் முன்னால் பேர் கெடும். அதைத் தாங்குகிறவர்தான் நாணயமானவர்.

புதுமனை

கரணை அண்ணா, அப்படியானால் புதிதாக ஒருவரைப் பேசும்போது "உங்கள் வேலையில் தேன்கூடு விழுந்திருக்கிறதா" என்று கேட்கலாமா? தவறாக எடுத்துக்கொள்வார்களோ?

கரணை

தாராளமாகக் கேளுங்கள் தம்பி. "என் வேலையில் அதெல்லாம் வராது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். "எந்த இடத்தில் விழுந்தது, எப்படிச் சரி செய்தோம்" என்று கை அசைவோடு விளக்குகிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

தூக்குக்குண்டு

எல்லாவற்றையும் ஆளின் குணம் என்று சொல்லிவிடுவது நியாயமில்லை. கூலி கொடுக்கும் முறையைப் பாருங்கள்.

கம்பி கட்டுகிறவருக்குப் பெரும்பாலும் டன் கணக்கில் கூலி. 16 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளம் ஒன்று ஏறக்குறைய 19 கிலோ. நாலு வெட்டு, நாலு வளைவு, வேலை முடிந்தது. 8 மி.மீ. ரிங் (தூணின் நேர்க்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) ஒன்று அரைக் கிலோகூட இல்லை. அதற்கு வெட்டவேண்டும், ஐந்து இடத்தில் வளைக்கவேண்டும், தூணில் ஏற்றி ஒவ்வொரு கம்பியோடும் கட்டுக்கம்பி போட்டு முறுக்கவேண்டும். டன் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு ரிங் என்பது முழு நஷ்டம். அதனால் ரிங் இடைவெளி தானாக அகலும்.

கணக்காகவே போடுகிறேன். 230க்கு 380 மி.மீ. தூண், 3 மீட்டர் உயரம். வரைபடத்தில் 150 மி.மீ.க்கு ஒரு ரிங் என்றால் 21 ரிங். 200க்கு ஒன்று என்று கட்டினால் 16. ஐந்து ரிங் மிச்சம், ஒன்று சுமார் 400 கிராம், ஆக 2 கிலோ கம்பி. பன்னிரண்டு தூணுக்கும் சேர்த்து 25 கிலோகூடத் தேறாது. இதில் யாரும் பணக்காரராக முடியாது. மிச்சமாவது உடம்பு அலுப்பு மட்டும். அந்த அலுப்புக்குக் கூலி வைக்காதது நாம்.

கொக்கியும் அப்படித்தான். ரிங்கின் முனை 135 டிகிரி உள்நோக்கி வளைந்து நடுக்காங்கிரீட்டைப் பிடித்திருக்க வேண்டும். அதற்கப்புறம் நீளம் கம்பி விட்டத்தின் ஆறு மடங்கு, குறைந்தது 65 மி.மீ. என்பது நிலநடுக்கத்துக்கான விதி, ஐ.எஸ். 13920. பெரும்பாலான இடங்களில் 90 டிகிரியோடு நிறுத்திவிடுவார்கள். நிலநடுக்கத்தில் தூணின் வெளிக்கவர் உதிர்ந்தால் 90 டிகிரி கொக்கி கதவு மாதிரி திறந்துகொள்ளும், நேர்க்கம்பிகள் பிதுங்கும். 135 வளைப்பதற்குக் கூடுதலாக ஒரு இழுப்பு இழுக்கவேண்டும், அவ்வளவே.

காங்கிரீட் கோஷ்டிக்கு "ஒரு ரூஃப் இவ்வளவு" என்று மொத்தமாகக் கூலி. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். கலவை தளர இருந்தால் சீக்கிரம் பரவும். எனவே தண்ணீர். நனைப்பதற்கோ யாருக்கும் தனிக் கூலியே கிடையாது.

ஆளை மாற்றுவதைவிடக் கூலி முறையை மாற்றுங்கள். ரிங்குக்குத் தனி விலை பேசுங்கள், நனைக்க ஒரு ஆளுக்குத் தினக்கூலி வையுங்கள். பாதித் தப்பு அன்றே நின்றுவிடும்.

ரசமட்டம்

தூக்குக்குண்டு சொன்ன கூலிக் கணக்கு முழுக்க உண்மை. அதை எழுதாமல் நான் பேரைப் பற்றி மட்டும் எழுதியது குறைதான். ஒரு ஊரில் நல்லவர் கெட்டவர் என்று பேசுவதற்கு முன்னால் அந்த ஊர் நல்ல வேலைக்குக் கூலி கொடுக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மீதிப் பாதிதான் என் கவலை. ரிங்கை எண்ணலாம், அளக்கலாம். தண்ணீரை யார் எண்ணுவது? எம்20 கலவை (28 நாளில் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்குவது), சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3, ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்-சிமெண்ட் விகிதம் 0.5. இதில் மணலில் ஏற்கெனவே உள்ள ஈரமும் அடக்கம். மிக்சர் அருகே நிற்பவர் "கட்டியா இருக்கு" என்ற ஒரு குரலுக்கு ஒரு 10 லிட்டர் வாளியைக் கவிழ்த்தால் விகிதம் 0.7. பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தத் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை, மழைநீருக்கு வழி. ஒரு ரூஃபுக்கு 100 மூட்டை ஓடினால் 100 தடவை அந்த வாளி கவிழ வாய்ப்பு இருக்கிறது. நூறு தடவையும் யார் கண்காணிப்பது? கண்காணிப்பு ஒரு எல்லையோடு முடிந்துவிடும். அதற்கப்பால் நிற்பது அந்த வாளியைப் பிடித்திருக்கும் மனிதரின் குணம் மட்டும்.

மேற்பார்வை கெடுபிடியாக இருக்கும் இடத்தில் ஒழுங்காக வேலை நடப்பது பெரிய சான்று ஆகாது. இன்ஜினியர் சாப்பிடப் போன நேரத்தில் மிக்சர் பக்கம் போய் நில்லுங்கள். வாளி கணக்கு மாறுகிறதா என்று பாருங்கள்.

சோதனைக்கூடம்

கியூப் சோதனை பற்றி யாரும் எழுதவில்லை. காகிதத்தில் பேரும் உண்மையில் குணமும் பிரியும் இடம் இதைப்போல வேறொன்று இல்லை.

முறை எளிது. 150 மி.மீ. கனசதுர அச்சு. காங்கிரீட்டை மூன்று அடுக்காக, அடுக்குக்கு 35 குத்து. 24 மணி நேரம் கழித்துப் பிரித்துத் தண்ணீரில் போடவேண்டும். 28ஆம் நாள் நசுக்குவது. ஒரு மாதிரிக்கு மூன்று கியூப். 5 கன மீட்டர்வரை ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு. எம்25 என்றால் ஒரு கியூப் குறைந்தது 562.5 கிலோ நியூட்டன் தாங்கவேண்டும் (25ஐ கியூப் முகத்தின் பரப்பான 22,500 சதுர மி.மீ.ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது). மூன்றின் சராசரியிலிருந்து எந்த ஒன்றும் 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது.

தில்லுமுல்லு எப்படி நடக்கிறது? தூணுக்கும் ரூஃபுக்கும் போகும் கலவை ஒன்று, கியூப் அச்சுக்கு மட்டும் தனியாக ஒரு சட்டியில் சிமெண்ட் கூட்டிப் பிசைந்த கலவை இன்னொன்று. அல்லது சோதனைக்கே போகாமல் எண்ணை எழுதிவிடுவது. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது சுலபம். உண்மையான கியூப்கள் ஒன்றுபோல உடையாது. ஒரு நாள் 29, இன்னொரு நாள் 34, வெயில் நாளில் ஒன்று, மழை நாளில் ஒன்று என்று ஏறி இறங்கும். மாதக்கணக்கில் 31.1, 31.2, 31.1 என்றே ஓடும் அறிக்கை கையில் கிடைத்தால் அது மேஜையில் பிறந்தது. முதல் வேலையாக 7 நாள் எண்ணோடு ஒப்பிடுங்கள். சாதாரண சிமெண்டுக்கு 28 நாள் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கும். பிபிசி (போசோலானா கலந்த சிமெண்ட்) என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். எல்லா வரியிலும் ஒரே சதவீதம் வந்தால் அதுவும் எழுதியதுதான்.

முதலாவதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கலவை மாதிரியை எப்போது எடுப்பது என்று மேஸ்திரி முடிவு செய்யாமல் நீங்கள் சொல்வது. ரெடிமிக்ஸ் லாரி என்றால் அதிலிருந்து முதலில் விழுவதையும் கடைசியில் விழுவதையும் விட்டு நடுவில் எடுக்கவேண்டும். கியூப் மேல் தேதி, இடம் இரண்டையும் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் கீறி, பக்கத்தில் உங்கள் கையெழுத்தையும் கீறிவிடுங்கள். பிறகு கியூப் மாறாது.

கியூப் தோற்றால் கட்டடத்தை இடிக்கவேண்டும் என்று பயப்படுகிறார்கள், அதனால்தான் பொய் எழுதுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சந்தேகப்படும் இடத்தில் குறைந்தது மூன்று கோர் (இறுகிய காங்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து நசுக்கிப் பார்க்கலாம். கோரின் சராசரி குறித்த பலத்தில் 85 சதவீதமும் ஒவ்வொன்றும் 75 சதவீதமும் இருந்தால் ஏற்றுக்கொள்ள ஐ.எஸ். 456 இடம் கொடுக்கிறது. தோற்ற கியூபை வெளியே சொல்ல முடிகிற இடத்தில் கட்டடத்துக்குப் பரிகாரம் இருக்கிறது. எப்போதும் ஜெயிக்கிற கியூப் எந்தத் தகவலையும் தருவதில்லை.

மூலமட்டம்

இந்தப் பேச்சுக்கு நேராகப் பொருந்தும் ஒரு சம்பவம் நியூயார்க்கில் நடந்தது. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

சிட்டிகார்ப் சென்டர், 59 மாடி, 1977இல் திறந்தது. மனையின் ஒரு மூலையில் தேவாலயம் இருந்ததால் கட்டடத்தைத் தாங்கும் நான்கு ராட்சதத் தூண்களை மூலைகளில் வைக்காமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வைத்தார்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வில்லியம் லெமஷூரியர், அப்போது உச்சத்தில் இருந்தவர். காற்று எதிர்ப்புக்கு வைத்த சாய்வு எஃகு இணைப்புகளை முழு வெல்டிங் செய்வதாக அவர் நினைத்திருந்தார். செலவு குறைக்க அவருடைய அலுவலகமே அதை போல்ட்டாக மாற்ற ஒப்புக்கொண்டிருந்தது. 1978இல் மறுகணக்குப் போட்டபோதுதான் இரண்டு விஷயமும் ஒன்றுசேர்ந்தது. பக்கவாட்டில் நேராக அடிக்கும் காற்றைவிட மூலையிலிருந்து சாய்வாக அடிக்கும் காற்றில் சில உறுப்புகளில் விசை 40 சதவீதம் கூடியது. அதனால் போல்ட் இணைப்புகளில் இழுவிசை 160 சதவீதம் கூடியது. பெரும்புயல் வந்தால் கட்டடம் விழலாம் என்று அவர் கணக்கிட்டார்.

கட்டடம் நின்றுகொண்டிருந்தது. தவறு அவருக்கும் நெருங்கிய சிலருக்கும் மட்டுமே தெரியும். வாயை மூடியிருந்தால் பேர் அப்படியே இருந்திருக்கும். அவர் தன் காப்பீட்டுக்காரரிடமும் கட்டடக்கலைஞரிடமும் வங்கி நிர்வாகத்திடமும் நகர அதிகாரிகளிடமும் போய்த் தவறைச் சொன்னார். அந்த ஆகஸ்டிலிருந்து இரவு இரவாக, அலுவலகம் மூடியபின், உள்சுவரைப் பிரித்து 200க்கும் மேற்பட்ட இணைப்புகள் மேல் 2 அங்குல எஃகுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்தார்கள். நடுவில் செப்டம்பரில் 'எல்லா' (Ella) என்று பெயரிட்ட புயல் வந்து கடல்பக்கம் திரும்பிப் போனது. அக்டோபரில் வேலை முடிந்தது.

கரணை எழுதிய அந்த போன் கால்தான் இது, 59 மாடி உயரத்தில்.

சோதனைக்கூடம்

மூலமட்டம், அந்தக் கதையின் இன்னொரு பாதியையும் சொல்லவேண்டும். கட்டடத்துக்குள் வேலை பார்த்தவர்களுக்கும் சுற்றி வசித்தவர்களுக்கும் ஆபத்து எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அப்போது நகரின் பெரிய செய்தித்தாள்களில் வேலைநிறுத்தம் வேறு. முழு விவரம் வெளியே வந்தது 1995இல், அதாவது 17 வருடம் கழித்து. முதலாளியிடம் உண்மை சொன்னார், மெச்சலாம். உயிர் யாருடையதோ அவர்களிடம் சொல்லவில்லை. அதை முழு நாணயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மூலமட்டம்

ஒப்புக்கொள்கிறேன். உண்மையை யாரிடம் சொல்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். நம் ஊர் அளவில் பார்த்தால், தேன்கூட்டை மேஸ்திரி இன்ஜினியரிடம் சொல்லி, இருவரும் சேர்ந்து சரி செய்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் விட்டுவிடுவது போல. சரி செய்தது நல்லது. ஆனால் நாளைக்கு அந்தத் தூண் மேல் இன்னொரு மாடி ஏற்றப் போகிறவர் வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

எம்புக்

அரசு வேலையில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, எம்-புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகம். பக்கத்துக்கு எண் போட்டது, ஒரு தாளையும் கிழிக்கக்கூடாது. அளவை வேலை நடக்கும் இடத்திலேயே மையால் எழுதவேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கவோ மேலே எழுதவோ கூடாது, ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பம் வைக்கவேண்டும். மூடப்படும் வேலையை மூடும் முன்பே அளந்தாகவேண்டும்.

இந்த விதியில் எனக்குப் பிடித்தது அந்த அடித்தல். தப்பு தெரியும்படியே இருக்கவேண்டும், திருத்தமும் தெரியும்படி இருக்கவேண்டும். அடித்தல் நிறைந்த எம்-புக்கைப் பார்த்து வேலை தெரியாதவர் என்று சொல்கிறவர்கள் உண்டு. வேலையிடத்தில் வெயிலில் நின்று எழுதிய புத்தகம் அப்படித்தான் இருக்கும். ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு அடித்தலும் இல்லாமல் 20 பக்கம் ஓடினால் அது அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியது.

வீடு கட்டுகிறவர்களும் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி இதைச் செய்யலாம். தேதி, எந்த உறுப்பு, ரிங் இடைவெளி எவ்வளவு அளந்தோம், எத்தனை மூட்டை போனது, மாலையில் யார் நனைத்தார். மேஸ்திரியும் நீங்களும் கையெழுத்து.

புதுமனை

இதுவரை எல்லோரும் மேஸ்திரி, இன்ஜினியர் பக்கமே பேசுகிறீர்கள். வீட்டுக்காரர் தரப்பில் பார்க்கவேண்டியது எதுவும் இல்லையா?

தூக்குக்குண்டு

நல்ல கேள்வி. நிறையவே இருக்கிறது.

முதலாவது, அவசரம். தை பிறந்ததும் குடிபோக முகூர்த்தம் குறித்துவிட்டு, "சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிங்க" என்று நெருக்குவது வீட்டுக்காரர்தான். ரூஃபுக்கு அடிமுட்டு 4.5 மீட்டருக்கு உட்பட்ட அகலத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர்வரை 14 நாள், மேலே 21. இது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு. கடையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது பிபிசி, அதற்கு இன்னும் சில நாள் தள்ளவேண்டும். நனைப்பதும் அப்படியே, சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், பிபிசிக்கு 10 நாளுக்குக் குறையக்கூடாது, 14 நல்லது. ரூஃபில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். தூணை எல்லாரும் மறந்துவிடுவார்கள், அதற்கு ஈரச்சாக்கு சுற்றவேண்டும்.

இரண்டாவது, இரண்டு மாடிக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டு மூன்றாவதை ஏற்றச் சொல்வது. "பக்கத்து வீட்டில் ஏற்றினார்களே" என்பார்கள். முடியாது என்று சொல்லும் இன்ஜினியரை மாற்றிவிட்டு, தலையாட்டும் ஒருவரைப் பிடிப்பார்கள். பிறகு நாணயமான ஆள் கிடைப்பதில்லை என்று வருத்தப்படுவார்கள்.

மூன்றாவது விலை. ஐந்து பேரிடம் விலை வாங்கி, நியாயமான விலை சொன்னவரிடம் போய், "அவர் சதுர அடிக்கு 200 ரூபாய் குறைவாகச் சொல்கிறாரே" என்று அழுத்துவது. அழுத்தத்துக்கு இறங்கி வந்தவர் அந்த 200 ரூபாயை எங்கிருந்து எடுப்பார்? டைல்ஸிலிருந்து எடுக்க முடியாது, நீங்கள் பார்ப்பீர்கள்.

கரணை

இதை அச்சடித்து ஒட்டலாம். ஒன்று சேர்க்கிறேன். மேஸ்திரி கெட்ட செய்தி சொன்ன அன்று வீட்டுக்காரர் எப்படி நடந்துகொள்கிறாரோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்த கெட்ட செய்தி வரும். "சார், பில்லர் அடியில காங்கிரீட் இறங்கலை" என்றதும் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுக் கூலியில் பிடித்தால், அடுத்த தேன்கூடு காலை ஏழு மணிக்கே பூசப்பட்டுவிடும். சொன்னதற்கு நன்றி சொல்லி, சரி செய்யும் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டு பாருங்கள். அந்த ஆள் பிறகு எதையும் மறைக்க மாட்டார்.

மட்டப்பலகை

எல்லோருக்கும் நன்றி. கேட்டதைவிட அதிகம் கிடைத்தது. ஒரே ஒரு சந்தேகம். ரூஃப் போடும் நாளன்று வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் நிற்கிறார், இன்ஜினியர் வரத் தாமதம். அவர் எதை எதைப் பார்க்கவேண்டும்? எல்லாவற்றையும் பார்க்க முடியாது.

ரசமட்டம்

முதல் நாள் மாலையே பாதி வேலையை முடித்துவிடுங்கள். கம்பி மேல் அளவு நாடாவை நீட்டிவைத்து, நாடாவின் எண்ணும் கம்பியும் சேர்ந்து தெரியும்படி ஒவ்வொரு அறைக்கும் இரண்டு போட்டோ. தூண் தலை, பீம் சேரும் மூலை இரண்டுக்கும் தனியாக. கம்பியில் ஒரு மீட்டர் துண்டு வெட்டித் தராசில் வையுங்கள். கம்பியின் விட்டத்தை (மி.மீ.) அதே விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ.க்கு 395 கிராம், 10க்கு 617, 12க்கு 889. 8, 10க்கு 7 சதவீதம், 12க்கு 5 சதவீதம் ஏற இறங்க இருக்கலாம். அதற்கும் கீழே போனால் காங்கிரீட்டை நிறுத்துங்கள்.

அளவுப் பெட்டியின் உள் அளவை நாடாவால் பாருங்கள். ஒரு மூட்டை சிமெண்ட் 35 லிட்டர். பெட்டி 40க்கு 35க்கு 25 செ.மீ. என்றால் சரியாக 35 லிட்டர். பெட்டி இல்லை, சட்டிக் கணக்குதான் என்றால் சட்டியில் கூம்பாக அள்ளுவதும் தட்டையாக அள்ளுவதும் ஆளுக்கு ஆள் மாறும். மணல் ஈரமாக இருந்தால் 20, 30 சதவீதம்வரை உப்பிக்கொள்ளும். அதற்கேற்ப மணலைக் கூட்டி, தண்ணீரைக் குறைக்கவேண்டும்.

அன்று காலை வைப்ரேட்டர் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று நின்றால் மற்றொன்று வேண்டும். பிறகு நாற்காலியை எடுத்துக்கொண்டு மிக்சர் பக்கத்தில், தண்ணீர் டிரம் தெரியும்படி உட்காருங்கள். மேலே ரூஃபில் போய் நிற்காதீர்கள், அங்கே நின்று பார்க்க எதுவும் இல்லை. தண்ணீர் ஊற்றுகிறவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்: "மேலே இருந்து யார் கேட்டாலும் என்னைப் பார்த்துட்டு ஊத்துங்க தம்பி." அவருக்கு மதியம் சாப்பாடு நேரத்துக்கு வரட்டும், டீ இரண்டு தடவை வரட்டும். மாலை நாலு மணிக்கு மேல் எல்லோரும் களைத்திருப்பார்கள், படிக்கட்டும் கடைசி பீமும்தான் பாக்கி இருக்கும். வாளி கை மீறுவது அந்த நேரத்தில்தான். அப்போது நாற்காலியை விட்டு எழுந்து போகாதீர்கள்.